கைப்பிடி வைத்த வீடு

அந்த வீட்டில் மூன்று பூனைகள் இருந்தன. ஐயாவுக்குப் பூனை என்றாலே ஆகாது. மடியில் ஏற வந்தால் முழங்கையால் தள்ளிவிடுவார். பெயர்கூட வைக்கவில்லை, கறுப்பு, வெள்ளை, இன்னொண்ணு, அவ்வளவுதான். ஆனால் ராத்திரி படுக்கும்போது மூன்றும் அவர் அறைக்குள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். ஒன்று குறைந்தால் நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு வேலப்பாடித் தெருவெல்லாம் அலைய வேண்டும். பிடிக்காத பூனைக்கு எதற்கு இந்தக் காவல் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுக்கும். கேட்டதில்லை. கேட்டால் பதில் வராது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

1987 ஜூனில் அந்த வீட்டு வேலைக்குப் போனேன். வயது 13. குடியாத்தம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நைனா இல்லை. அம்மா பீடி சுற்றினாள். எட்டாவதோடு என் படிப்பு நின்றது. நின்றது என்பது மரியாதையான சொல், நிறுத்தினார்கள். மேல்விஷாரத்துத் தோல் வியாபாரி ஒருவரிடம் மாமா வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த பாயிடம் ரொம்ப வருஷம் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வேலூரில் தனியாக இருக்கிறார், கூடமாட ஒரு பையன் வேண்டும், மாசம் 60 ரூபாய், மூன்று வேளை சோறு என்றார். அம்மா மறுநாளே என்னைப் பஸ் ஏற்றிவிட்டாள்.

வேலைக்கு எடுக்கும்முன் ஐயா எனக்கு ஒரு பரீட்சை வைத்தார். ஒரு குண்டானில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, "கையை விட்டுப் பாரு. எப்படி இருக்கு?" என்றார். வெதுவெதுப்பாக இருந்தது. சொன்னேன். இன்னொரு குண்டான். கையை விட்டவுடனே வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். "அய்ய, இன்னா இப்டி சுடுது!" அவர் முகத்தில் ஏதோ ஒரு திருப்தி. "சரி, இரு" என்றார். அவ்வளவுதான் இண்டர்வியூ. எழுதப் படிக்கத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் கைப்பிடி இருந்தது. காபி டம்ளருக்கு மரத்தில் கடைந்த ஒரு உறை. ஸ்டவ்வின் திருகுக்கு மரக்குமிழ். சாவிகள் ஒவ்வொன்றும் ஒரு சாண் மரத்துண்டில் செருகியிருக்கும். பார்த்தால் சாவி மாதிரியே இருக்காது, துடுப்பு மாதிரி இருக்கும். பேனாவைச் சுற்றி சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுருட்டியிருந்தார். எல்லாம் அவரே செய்தது. கொல்லைப்புறத்தில் ஒரு சின்னப் பட்டறை மாதிரி, இழைப்புளி, அரம், உப்புத்தாள். விரல்கள் கொஞ்சம் விறைப்பாக, ஏதோ யோசித்து யோசித்து மடங்குகிற மாதிரி மடங்கும். வயதானவர்களுக்கு அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஆனால் மற்றதை விட முடியவில்லை. வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டுக்கொண்டு நடப்பார். கடையில் கிடைக்கிற செருப்பு இல்லை. மெத்தென்ற கறுப்பு ரப்பர், அடியில் கெட்டியான டயர், ஒரு ஆணிகூட இல்லாமல் தைத்தது. சாயங்காலம் ஒரு தொட்டியில் காலை ஊற வைத்து, தேய்த்து, எண்ணெய் பூசி, கைப்பிடி வைத்த வட்டக் கண்ணாடியை எடுத்து உள்ளங்காலைப் பார்ப்பார். தினமும். முகம் பார்க்கிற கண்ணாடி அந்த வீட்டில் கிடையாது. கால் பார்க்கிற கண்ணாடி இருந்தது. என்ன மனுஷன் இவர்?

அவர் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம். நான் "வந்துக்கினே இருக்கேன்" என்றால் லேசாகச் சிரிப்பார். சிரிப்பு என்று நான் பார்த்தது அது ஒன்றுதான். மற்ற நேரமெல்லாம் திண்ணைச் சாய்வு நாற்காலியில் தினமணியை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கம் மட்டும் புரளாது. வேலூர் வெயிலில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் மத்தியானத்திலும் அவர் திண்ணையில்தான். யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி இருக்கும். தபால்காரரைத் தவிர யாரும் வர மாட்டார்கள். ரம்ஜானுக்கு மட்டும் பாய் பிரியாணித் தூக்கோடு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அவரும் பெரிதாகப் பேச மாட்டார்.

தெருமுனை டீக்கடையில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். தொரப்பாடி ஜெயிலில் இருந்து வெளியே வந்தவர் என்று ஒருவர். மிலிட்டரியில் கையில் குண்டு வாங்கியவர் என்று ஒருவர். எனக்கு ஜெயில் கதைதான் பிடித்திருந்தது. கொலை செய்தவர் என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன். கொலைகாரர் வீட்டில் வேலை செய்கிறேன் என்று ஊருக்குப் போனபோது கூட்டாளிகளிடம் அளந்தும் விட்டேன்.

ஒருநாள் பாலாற்றங்கரைக்கு நடக்கப் போனபோது அவரே வாயைத் திறந்தார். கண்டி ராஜா சமாதி வழியாகப் போனோம். இப்போது அங்கே முத்து மண்டபம் இருக்கிறது, 1990-ல் கட்டியது, அப்போது இல்லை. "இது யாரு தெரியுமா?" என்றார். தெரியாது. "இலங்கையில் கடைசியா ஆண்ட ராஜா. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்னு பட்டப்பேரு, சொந்தப் பேரு கண்ணுசாமி. 1815-ல் வெள்ளைக்காரன் பிடிச்சு, மறுவருஷம் இங்கே கொண்டாந்து கோட்டையில் வச்சான். 1832-ல் இங்கேயே செத்துப்போனார். பதினாறு வருஷம்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, என்னிடம் சொல்கிற மாதிரி இல்லாமல், "நமக்கு அதுக்கு மேல ரெண்டு மடங்கு ஆச்சு" என்றார்.

நான் மனக்கணக்குப் போட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல். கொலைக்கேஸ்தான், சந்தேகமே இல்லை.

வேலூரைப் பற்றி ஒரு பழமொழி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கடைசியை 1981-ல் எடுத்துவிட்டார்கள், ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பினார். மிச்சம் மூன்றும் அப்படியேதான். அந்தப் பட்டியலில் நான் மனதுக்குள் எங்கள் வீட்டையும் சேர்த்துக்கொண்டிருந்தேன்: ஆள் இருந்தும் ஆள் இல்லாத வீடு.

இனிமேல் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை.

தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பதுதான் எனக்கு முக்கியமான வேலை. குளிக்கிற வெந்நீர், காபி, ரசம், வெயிலில் கிடந்த நாற்காலிக் கைப்பிடி எல்லாவற்றையும் நான் முதலில் தொட்டு "சரியா இருக்குங்கய்யா" என்று சொன்ன பிறகுதான் அவர் தொடுவார். பத்து மாதம் இதைச் செய்த பிறகு ஒரு சந்தேகம் முளைத்தது. இவருக்குச் சூடே தெரியாதோ? முளைத்தது முளைத்ததுதான், தூங்க விடவில்லை. 1988 ஏப்ரலில் ஒரு காலை, அவர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது, மர உறையைக் கழற்றிவிட்டு, கொதிக்கக் கொதிக்க ஊற்றிய வெறும் எவர்சில்வர் டம்ளரைத் துணியால் பிடித்துக் கொண்டுபோய் நீட்டினேன். "சரியா இருக்கா?" என்றார், கண்ணை எடுக்காமல். "சரியா இருக்குங்கய்யா" என்றேன்.

வாங்கினார். உள்ளங்கை முழுக்கப் பதியப் பிடித்தார். பேப்பரைப் பார்த்துக்கொண்டே பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணினேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. ஏழோ எட்டோ வந்தபோது எனக்கே தாங்காமல் "ஐயா, சுடும் ஐயா!" என்று கத்திவிட்டேன். டம்ளர் விழுந்தது. உள்ளங்கை வெளுத்துப்போய் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கொப்புளம் கிளம்பிற்று. அவர் அலறவில்லை. கையைத் திருப்பித் திருப்பி, அடுத்தவர் கையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"வலிச்சிருந்தா எறிஞ்சிருப்பேன்" என்றார். "வலிக்கலையே."

திட்டியிருக்கலாம். நாலு அறை விட்டிருக்கலாம். "பாத்திரத்தில் தண்ணி கொண்டா, நல்லா ஆறின தண்ணி" என்றார். கொண்டுபோய் வைத்தேன். தன் கையை அதில் வைக்கும்முன் என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அந்த நேரத்திலும்! அப்போதுதான் எனக்குப் புரிந்தது, என்னை எதற்கு வைத்திருக்கிறார் என்று. அவர் தோலுக்குத் தெரியாததை என் தோல் தெரிந்து சொல்ல வேண்டும், அதற்குத்தான் 60 ரூபாய். அந்தத் தோல்தான் அவருக்குப் பொய் சொல்லியிருந்தது.

இரண்டு நாள் கழித்து, கைக்கட்டோடு, என்னையும் கூட்டிக்கொண்டு கரிகிரிக்குப் போனார். காட்பாடி தாண்டி. சுற்றிலும் மொட்டை மலைகள், நடுவில் திடீரென்று ஒரு தோப்பு மாதிரி மரங்கள், அதற்குள் ஆஸ்பத்திரி. வாசலில் இறங்கியதும் எனக்கு முட்டி நடுங்கியது. எங்கள் பக்கத்தில் 'கரிகிரி' என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். குஷ்டம்.

எனக்கு அந்த இடத்தின் ஆட்களைத் தெரியும். குடியாத்தம் தாலுகா முழுக்க அவர்கள் சைக்கிளில் வருவார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களைச் சட்டையைக் கழற்றி வெயிலில் வரிசையாக நிறுத்தி, முதுகிலும் கையிலும் தேமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் கண்ணை மூடச் சொல்லி இறகாலோ பஞ்சாலோ தொட்டு, "எங்க தொட்டேன், காட்டு" என்பார்கள். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. தொடாத இடத்தையெல்லாம் காட்டிச் சிரிப்போம். தொட்டது தெரியாமல் போகிறவனும் ஒருவன் வரிசையில் இருக்கலாம் என்று யோசித்ததே இல்லை.

மருந்துக்கட்டு மாற்றக் காத்திருந்த பெஞ்சில்தான் ஐயா சொன்னார். ஒரே மூச்சில் இல்லை, நான்கைந்து துண்டாக.

1952-ல் அவருக்கு நோய் என்று தெரிந்தது. சுண்டுவிரல் மடங்கிக்கொண்டது, பிறகு பக்கத்து விரல். வேலூருக்கு வந்தார். சல்ஃபோன் மாத்திரை, வருஷக்கணக்கில். நோய் போய்விட்டது, மடங்கின விரல்கள் நிமிரவில்லை. பால் பிராண்ட் என்ற டாக்டர், கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர், 1946-ல் வேலூருக்கு வந்தவர், நல்ல தசைநாணை எடுத்து செயலிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டுகிற ஆபரேஷனை 1948-லேயே ஆரம்பித்திருந்தார். அது ஐயாவுக்கும் நடந்தது. "நாண் விரலுக்கு வந்துடுச்சு. ஆனா மூளை அது பழைய இடத்துலயே இருக்குன்னு நெனச்சுக்கிட்டிருக்கும். வேற எதையோ அசைக்கிறதா நெனச்சாத்தான் விரல் அசையும். குழந்தை மாதிரி மறுபடி கத்துக்கணும்." அவர் விரல்கள் யோசித்து மடங்குவதற்குக் காரணம் அதுதான். அந்த வார்டில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை ஆபரேஷன் செய்கிற ஒரு டாக்டரம்மாவைப் பற்றியும் சொன்னார். மேரி வர்கீஸ், 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனவர். "அந்தம்மா முன்னாடி உட்கார்ந்து, என் கை இப்படி ஆயிடுச்சேன்னு எப்படி அழறது, சொல்லு."

பூனைக்கும் அன்றுதான் விடை கிடைத்தது. இந்த நோயில் விரல்கள் தானாக உதிர்கின்றன என்றுதான் உலகம் நினைத்தது. நான்கூட அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். கிருமி கெடுப்பது நரம்பை. நரம்பு போனால் வலி போகிறது. வலி இல்லாதவன் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறான், ஆணியை மிதித்தபடி நடக்கிறான், துருப்பிடித்த பூட்டில் சாவியை விரல் கிழியத் திருகுகிறான். புண், அழுகல், அப்புறம் விரல். கண்ணுக்குத் தெரிகிற காரணம் இல்லாமல், ராத்திரி படுத்துக் காலையில் எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணாமல் போனவர்களும் இருந்தார்கள். விழித்திருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: எலி. தூங்குகிறவனின் விரலை எலி கடித்துத் தின்கிறது, அவனுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள்.

"எனக்குப் பூனை ஆகாதுப்பா" என்றார் ஐயா. "என்ன செய்ய."

மரவேலை அவர் கற்றதும் அந்தச் சிகிச்சைக் காலத்தில்தான். வேலூரை ஒட்டிய பாகாயத்தில் நோயாளிகளுக்கென்று குடிசைகளும் பட்டறையும் இருந்தன. எந்த உளியை எவ்வளவு நேரம் பிடித்தால் கை புண்ணாகிறது என்று அவரவரே கவனித்துக் கைப்பிடியைத் தடிமனாக்கக் கற்றுக்கொண்டார்கள். செருப்பும் கரிகிரிப் பட்டறையில் தைத்ததுதான். ஆணி அடித்தால் என்றைக்காவது அது மேலே வரும், வந்தது தெரியாது. அதனால் ஆணி கிடையாது.

அந்தக் கை ஆற ஆறு வாரம் ஆனது. ஆறு வாரமும் நான்தான் சோறு பிசைந்து கொடுத்தேன்.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. அவள் கையிலிருந்த பீடித் தட்டு அப்படியே நின்றது. "இன்னாடா சொல்ற? அந்த நோவா? பெட்டியத் தூக்கிக்கினு வந்துடு, கண்ணு." மறுவாரமே சர்வேக்கு வருகிற சைக்கிள்காரரை வழிமறித்துக் கேட்டிருக்கிறாள். அவர் பொறுமையாகச் சொன்னாராம்: அந்தப் பெரியவருக்கு நோய் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இப்போது இருப்பது நோய் இல்லை, அது விட்டுப்போன தழும்பு, தழும்பு யாருக்கும் ஒட்டாது. நோய் இருக்கிறவரிடமிருந்துகூடத் தொட்டால் ஒட்டாது, நூறில் தொண்ணூற்றைந்து பேருக்கு உடம்பிலேயே எதிர்ப்பு உண்டு. அம்மா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு எனக்குச் சொல்லி அனுப்பினாள்: "இருந்துக்கோ. மாசத்துக்குப் பத்து ரூபா சேத்துக் கேளு."

கேட்டேன். ஐயா ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தார். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆயிரம் பீடி சுற்றினால் என்ன கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் அந்தப் பத்து ரூபாயைப் பற்றிப் பேசட்டும்.

இங்கே ஒரு இடைச்செருகல். நான் இப்போது ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள் கோப்புகளை நீட்டுவார்கள். எங்கள் தெருவில் பாதிப் பலகை வங்காளி எழுத்தில்தான் இருக்கிறது. அடுத்தவர் காகிதத்தைப் பார்க்காமல் பிரதி எடுக்கத் தெரியாத கை என்னுடையது. இந்த நோய்க்காரர்கள் இன்னமும் வருகிறார்கள். 2005-லேயே பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் ஒழித்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் இந்தியாவில் பெரும்பாலான வருஷங்களில் ஒரு லட்சம் பேருக்குக் குறையாமல் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். ஆறு மாதம், அதிகமானால் ஒரு வருஷம், மூன்று மருந்து, இலவசம், தீர்ந்தது. ஆனால் தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற சட்டப் பிரிவை எடுப்பதற்கு 2019 வரை ஆனது. அந்தச் செய்தியைப் படித்த அன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டேன்.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

ஐயாவின் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி. சாவி, வழக்கம்போல மரத்துண்டோடு, சுவரில் எல்லாரும் பார்க்கத் தொங்கும். "தொடாதே" என்று அவர் சொன்னதே இல்லை. மாசம் முதல் தேதி ஒரு மணியார்டர் பாரத்தை அந்த ட்யூப் சுற்றிய பேனாவால் நிரப்பி, பணத்தோடு என்னிடம் கொடுப்பார். கும்பகோணத்தில் ஒரு பெண் பெயருக்கு. அனுப்புநர் இடத்தில் அவர் பெயர் இருக்காது, வேறு யாரோ பெயர். கீழே, செய்தி எழுதுகிற இடம் எப்போதும் காலி. பத்துப் பன்னிரண்டு நாளில் பணம் வாங்கியவரின் கையெழுத்தோடு துண்டுச் சீட்டு திரும்பி வரும். திண்ணையில் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது அதற்குத்தான். வாங்கி, கையெழுத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைப்பார்.

டம்ளர் விஷயத்துக்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. 1988 அக்டோபரில் அவர் செருப்பு மாற்றக் கரிகிரிக்குப் போன அன்று பெட்டியைத் திறந்தேன்.

சீட்டுகள். வருஷவாரியாக நூல் கட்டி, 1957 முதல். பழையதில் எல்லாம் ஒரு கட்டைவிரல் ரேகை, கும்பகோணத்துப் பக்கத்து ஏதோ கிராமத் தபால் முத்திரை. 1971-ல் ஒரு முழுப் பாரமே திரும்பி வந்திருந்தது, 'பெறுபவர் இறந்துவிட்டார்' என்று யாரோ அவசரமாகக் கிறுக்கியிருந்தார்கள். மனைவி போனது அவருக்கு இப்படித்தான் தெரிந்திருக்கிறது. அதற்கு அடுத்த மாதத்திலிருந்து ரேகை இல்லை, கையெழுத்து. உருண்டையான, பள்ளிக்கூடத்து எழுத்து. சில வருஷம் கழித்து முத்திரை கும்பகோணம் என்று மாறுகிறது. கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் நவம்பர் சீட்டின் பின்புறம் மட்டும் ஐயாவின் கையால் ஒரு வரி. 1957-ல் 'குழந்தைக்கு 7'. பிறகு 8, 9, 10. நான் கடைசிக் கட்டைப் பிரித்தேன். 'குழந்தைக்கு 37.'

அடியில் ஒரு போட்டோ. வேட்டி கட்டிய இளைஞர், கையில் கைக்குழந்தை. பத்து விரலும் நேராக இருந்தன.

இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். நவம்பர் முதல் தேதி தபால் ஆபீஸ் போனேன். கவுண்டரில் கயிறு கட்டித் தொங்கிய பேனாவை எடுத்து, அந்தக் காலி இடத்தில் எழுதினேன்: 'உங்கள் அப்பா வேலூரில் சுகமாக இருக்கிறார். உங்களையே நினைத்துக்கொண்டு இருக்கிறார்.' எட்டாவது படித்த கையெழுத்து. நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

பன்னிரண்டு நாள் ஆயிற்று. பதினைந்து. ஐயா திண்ணையை விட்டு நகரவில்லை, சோறும் அங்கேயே. இருபதாம் நாள் தபால்காரர் வந்து, சீட்டுக்குப் பதில் பணத்தையே எண்ணிக் கொடுத்தார். "வாங்க மாட்டேன்னுட்டாங்களாம் பெரியவரே."

ஐயா பாரத்தை வாங்கிப் படித்தார். அந்த இரண்டு வரியைப் படிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவளுக்கு ரெண்டு வயசு. பெரிய மச்சான் சொன்னாரு, இவன் இங்க இருந்தா நாளைக்கு இந்தப் பொண்ணை எவன் கட்டுவான்னு. நியாயம்தானே. காசிக்குப் போனான், அங்கேயே போய்ச் சேர்ந்துட்டான்னு சொல்லிடுங்கன்னு நான்தான் சொன்னேன். பணம் அனுப்பறது அப்பாவோட சிநேகிதர்." கொஞ்சம் நிறுத்தினார். "முப்பத்தாறு வருஷமா செத்திருக்கேன்டா. அதுகூட உனக்குப் பொறுக்கலை."

நான் அழுதேன். ஊருக்குப் போய்விடுகிறேன் என்றேன். "போனா வெந்நீரை யார் பார்க்கறது?" என்றார்.

டிசம்பர் முதல் தேதி மறுபடி பாரம் நிரப்பினார். இந்த முறை என்னிடம் கொடுக்கவில்லை, தானே நடந்துபோய்க் கட்டினார். அதுவும் திரும்பி வந்தது. அந்த மாதம் வீட்டில் பேச்சே இல்லை. பூனைகளை மட்டும் எண்ணினோம். கண்ணாடியில் கால் பார்ப்பதை அவர் இரண்டு முறை மறந்தார். நான் பார்த்துச் சொன்னேன். ஜனவரியில் மூன்றாவது முறை அனுப்பினார்.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். தபால்காரர் துண்டுச் சீட்டை நீட்டினார்.

அதே உருண்டை எழுத்து, அதே பெயர். ஆனால் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து, ஒரு புள்ளி. 'கோ.' பெட்டியில் இருந்த அத்தனை சீட்டையும் பார்த்தவன் நான். இனிஷியல் ஒன்றில்கூடக் கிடையாது. ஐயா பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்கும்.

அவர் உள்ளே போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்துவந்தார், அதற்கும் மரக் கைப்பிடி. பார்த்தார். என்னிடம் நீட்டினார். "கோ-தானே? நீ பாரு. கா இல்லையே?"

"கோ-தான் ஐயா."

"அவ வீட்டுக்காரன் பேரு என்னன்னு எனக்குத் தெரியாது" என்றார். "கோபால், கோதண்டம், எத்தனையோ இருக்கு."

"நான் வேணும்னா விசாரிச்சுக்கினு வரட்டுமா ஐயா?"

"வேண்டாம்."

சீட்டைப் பெட்டியில் வைக்கவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் ஆகியிருந்தது. தொட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார். தண்ணீருக்குள் கையை விட்டேன், மணிக்கட்டு வரைக்கும்.

"சரியா இருக்குங்கய்யா" என்றேன்.